தண்டையல் குதிக்கால்

பெண்பார்க்கப் போன அன்று நான் முதலில் பார்த்தது சிவகௌரியின் முகத்தை அல்ல, குதிக்காலை. முகத்தைப் பார்க்க அவளுடைய அண்ணர் குலவீரசிங்கம் விடவில்லை.

"முகம் எல்லா வீட்டிலையும் கிடைக்கும் ஐசே. தங்கச்சி, ஒருக்கால் அங்காலை திரும்பு. ஆ... உதைப் பாரும்."

சிவகௌரி பலகாரத் தட்டோடு திரும்பி நின்றாள். குதிக்காலுக்கு மேலே ஓடுகிற நாண் மற்றவர்களுக்குச் சுண்டுவிரல் மொத்தத்தில் இருக்கும். அவளுக்குப் பெருவிரல் மொத்தம். குலவீரசிங்கம் வேட்டியைக் கெண்டைக்கால் வரை உயர்த்தித் தன்னுடையதையும் காட்டினார். அது இன்னும் மொத்தம். நடுவில் புளியங்கொட்டை அளவில் இரண்டு கட்டியும் இருந்தன.

"நாலு தலைமுறை பாய்க்கப்பல் ஓட்டின கால். ஆடுற கப்பல் தட்டிலை நிண்டு நிண்டு உரமேறினது. தண்டையல் குதிக்கால் எண்டு சொல்லுறது. வேற ஒரு குடும்பத்திலையும் நீர் உதைக் காணமாட்டீர்."

தண்டையல் என்றால் பாய்க்கப்பலின் தலைவன். வல்வெட்டித்துறையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு தண்டையலாவது வம்சாவளியில் இருப்பார். இந்த வீட்டில் மற்ற ஆட்களே இல்லை, தண்டையல்கள் மட்டும்தான். என் தகப்பன் அந்தக் கப்பல்காரர்களுக்கு மண்ணெண்ணெயும் தூண்டில்முள்ளும் விற்ற சின்னக் கடைக்காரர். சாதாரணக் குதிக்காலோடு பிறந்தவன் என்ற பணிவுடன் நான் தலையாட்டினேன். குலவீரசிங்கம் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறினால் குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்கு மறையமுன் சத்தி எடுப்பார். அந்த விஷயம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அவருடைய இரண்டாவது பெருமை, அவர்களுடைய ஆண்கள் சாகிற விதம்.

"எங்கடை ஆக்கள் பாயிலை கிடந்து அழுந்திறேல்லை. நிண்ட நிலையிலை போறவை. கப்பலாலை இறங்கிற மாதிரி."

அது உண்மை. கொஞ்சம் வெள்ளன இறங்கினார்கள், அவ்வளவுதான். தகப்பன் நாற்பத்துநாலு வயதில். அப்போது சிவகௌரிக்கு ஒரு வயது. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் தொங்குகிற ஒரு படம். சித்தப்பன் நாற்பத்தொன்றில். மூத்த அண்ணர் நடராசா முப்பத்தொன்பதில், சோதனைச்சாவடி வரிசையில், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி. ஒவ்வொரு சாவுக்கும் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. தகப்பனுக்குக் கடற்காற்று. சித்தப்பனுக்கு யாரோ வைத்த சூனியம். நடராசா அண்ணைக்கு ஆமியைக் கண்ட பயம். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் முப்பத்தொன்பது வயதில் ஒருவன் செத்தால் தனியாகக் காரணம் தேட எவருக்கும் நேரமிருக்கவில்லை. காரணங்கள் வானத்திலிருந்தே விழுந்துகொண்டிருந்தன.

எனக்கு ஊரில் ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். ஆனால் அடுப்பு எரிவது கல்வெட்டால்தான். செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். தேவாரம், அன்னாரின் குணநலன், கடைசியில் வம்சாவளி. உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரனை வேலிக்கு ஒரு கதியால் நட விடாதவர், என் மெஷினுக்குள் போய் 'வாரி வழங்கிய வள்ளல்' ஆக வெளியே வருவார். இருபத்தைந்து வருடமாக இதைச் செய்து எனக்குப் பெருமைகளின் மேலிருந்த மரியாதை விட்டுப்போயிற்று. காற்றுப்போன பந்தைக் கண்டால் நாய்க்கு வருகிற சந்தோஷம்தான் எனக்கும் வரும்.

குலவீரசிங்கம் செத்தவர்களோடு நிற்கவில்லை. முழுக் குலத்துக்கும் ஒரு புத்தகம் போட்டார். 'தண்டையல் குலதீபம்', இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று வருடம் அலைந்தார். ஆருக்கு ஆர் பிள்ளை, எந்தப் பேரன் ரொறன்ரோவில், எந்தப் பேத்தி பாரிசில், ஒன்றும் தப்பவில்லை. அந்த உழைப்பை நான் அப்போதே மெச்சியிருக்க வேண்டும். மெச்சவில்லை. புரூஃப் பார்க்க வந்த அன்று அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைத்தார்.

"ஐசே, அண்ணைக்கு முப்பத்தொன்பது எண்டு போடாதையும்."

"அப்ப?"

"அம்பத்தொன்பது."

"மச்சான், ஆள் முப்பத்தொன்பதிலைதானே..."

"எனக்குத் தெரியாதோ? அற்பாயுசுக் குடும்பம் எண்டு ஒரு பேர் விழுந்தால் எங்கடை பெட்டையளை ஆர் கலியாணம் செய்வான்? உமக்கும் ஒரு பெட்டை இருக்கு, மறக்காதையும்."

அந்தக் கடைசி வசனத்தில் நான் விழுந்தேன். என் மகள் நிவேதனாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. சரியென்று அண்ணைக்கு இருபது கூட்டினேன். தகப்பனுக்கு முப்பது கூட்டினோம், நாற்பத்துநாலு எழுபத்துநாலானது. அவருக்குக் கூட்டியதும் அவர் தன் தகப்பனைவிட மூத்தவராகிவிட்டார். ஆகவே பாட்டனையும் பின்னால் தள்ள வேண்டியதாயிற்று. பாட்டன் போய்ப் பூட்டனை இடித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் முதலாம் தண்டையல் ஒல்லாந்தர் காலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அதுவும் ஒரு வகையிலை நல்லதுதான்," என்றார் குலவீரசிங்கம்.

நானும் சிரித்தேன். என் கையால்தான் எல்லாவற்றையும் அச்சுக் கோத்தேன்.

புத்தகம் பொன்னாடையோடு வெளியாயிற்று. அடுத்த வருடம் ஆவணியில், நல்லூர்த் திருவிழாவில், குலவீரசிங்கம் பிரதட்டை செய்தார். பக்தி இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வீடியோ எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாமியின் பக்கம் ஒருதரம், கமெராவின் பக்கம் ஒருதரம் என்று உருண்டதில், தெற்கு வீதி முடியமுன் முதுகில் தோல் உரிந்துவிட்டது. முதலுதவிக் கொட்டிலுக்கு நடத்திக்கொண்டு போனேன். அங்கே ஒரு வாங்கில் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். இரண்டு தண்டையல் குதிக்கால்களும் டொக்டரின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றன.

டொக்டர் பெண், முப்பது வயது மதிக்கலாம். கழுத்தில் சின்னச் சிலுவை. சட்டையில் யோசப்பின் என்று பெயர் குத்தியிருந்தது. முதுகுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஐயா, உது எத்தினை வருசமா இருக்கு?"

"எது பிள்ளை?"

"இந்தக் குதிக்கால் மொத்தம்."

"ஒல்லாந்தர் காலத்திலையிருந்து!" வாங்குப் பலகையில் வாய் அழுந்திக் கிடந்தபடியே அவர் நாலு தலைமுறையையும் சொல்லத் தொடங்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. நாணைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி விரல் மொளிகளைப் பார்த்தார்.

"அப்ப பரம்பரை."

"பின்னை!"

"வீட்டிலை வெள்ளனச் செத்த ஆம்பிளையள் இருக்கினமோ?"

குலவீரசிங்கம் முகத்தை மறுபக்கம் திருப்பினார். "இல்லை."

நான் கமெராவின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொலஸ்ட்ரோல் ஒருக்காலும் பார்த்தனீங்களோ?"

"என்னைப் பாரும் பிள்ளை, ஈர்க்கு மாதிரி இருக்கிறன். அது கடை முதலாளிமாருக்கு வாற வருத்தம்."

"ஈர்க்குக்கும் வரும் ஐயா. உது தின்னுறதாலை வாறதில்லை. தாய்தகப்பனாலை வாறது."

"என்ரை தாய்தகப்பனாலையோ!" என்று அவர் எழும்பப் பார்த்தார். உரிந்த முதுகு விடவில்லை.

டொக்டர் ஒரு துண்டில் கிளினிக் நாளை எழுதி என் கையில் தந்தார். "செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டிலை ஆராருக்கு உந்தக் குதிக்கால் இருக்கோ அவையளும் பாக்க வேணும். பிள்ளையள் எண்டால் முக்கியம்."

எனக்கு ஒரு பஞ்சு நினைவுக்கு வந்தது. நிவேதனா கொஞ்ச நாட்களாகப் பள்ளிக்கூடச் சப்பாத்தின் பின்பக்கத்துக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு போகிறாள். குதிக்கால் உரசுகிறதாம். "உனக்கும் தண்டையல் கால் வருது" என்று மாமன் அவளுக்கு நூறு ரூபாய் பரிசு கொடுத்திருந்தார்.

டொக்டர் சொன்னதை வீட்டில் சொன்னேன். பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவப் போன சிவகௌரி வெகுநேரம் குனிந்தபடி நின்றாள்.

"அப்பாவுக்கு உண்மையிலை எத்தினை வயசப்பா?"

"நாப்பத்துநாலு."

"அண்ணைக்கு முப்பத்தொன்பது. சின்னண்ணைக்கு இப்ப நாப்பத்தொன்பது. எனக்கு நாப்பத்தஞ்சு." வாளியைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்குப் பதினாலு."

"கணக்குப் பார்க்காதை."

"நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எப்பிடியெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ."

குலவீரசிங்கம் இரண்டு நிபந்தனை வைத்தார். முதலாவது, அவர் மட்டும்தான் வருவார். பெட்டை ஆஸ்பத்திரி வாசல் மிதித்தால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது கதை வரும், டொக்டர் கட்டாயம் வேண்டும் என்றால் மாத்திரம் பிறகு பார்ப்போம். இரண்டாவது, 'குலதீபம்' ஒரு பிரதியை டொக்டருக்கு அவர் கையாலேயே கொடுக்க வேண்டும். இரண்டாவதைச் சொல்லும்போது அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உண்மையில் அதற்காகத்தான் வந்தார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டோவில் இன்னொருவரும் ஏறினார். நடராசா அண்ணையின் மனைவி இரத்தினம்மா. அவவுக்கு அதே நாளில் பிறசர் கிளினிக். எனக்கு அவ அக்கா முறை. தேவைக்கு மேலே ஒரு சொல் கதைக்காத மனுசி. மகன் செந்தூரன் லண்டனில் இருக்கிறான்.

டொக்டர் யோசப்பின் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வம்சாவளிப் பக்கத்தை விரித்ததும் அவருடைய முகம் உண்மையாகவே பிரகாசித்தது.

"ஐயா, என்ரை கிளினிக்குக்கு வாற ஆக்களிலை பாதிப் பேருக்குப் பேரன்ரை பேர் தெரியாது. நீங்கள் நாலு தலைமுறையும் கொண்டுவந்திருக்கிறியள். உதுதான் எங்களுக்குத் தேவையானது."

"மூண்டு வருச உழைப்பு," என்றார் குலவீரசிங்கம்.

டொக்டர் விரலை வைத்து வயதுகளை வாசித்துக்கொண்டு போனார். எழுபத்துநாலு. எண்பத்தொன்று. அறுபத்தொன்று. ஐம்பத்தொன்பது. வாசிக்க வாசிக்க அவருடைய தோள் தளர்ந்தது. நிம்மதிதான்.

"உண்மையைச் சொன்னால் அண்டைக்கு நான் பயந்துபோனன். நான் நினைச்ச வருத்தம் எண்டால் ஆம்பிளையள் நாப்பது அம்பதிலை போயிடுவினம். உங்கடை ஆக்கள் நல்லா இருந்திருக்கினம். உங்கடை இரத்தத்தை எப்பிடியும் பார்ப்பம். பிள்ளையளை இப்ப அவசரப்படுத்தத் தேவையில்லை, அடுத்த வருசம்போலை யோசிக்கலாம்."

குலவீரசிங்கம் கதிரையில் சாய்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தீரோ ஐசே என்ற பார்வை.

அந்த வயதுகள் ஒவ்வொன்றையும் கோத்தது என் கை. அது எனக்கு நல்ல பகிடியாக இருந்த நாளும் எனக்கு ஞாபகம். இப்போது அந்தப் பகிடி என் மகளின் சப்பாத்துக்குள் பஞ்சாக இருந்தது. பதினைந்து வருடமாக இந்த மனுசனின் காற்றைப் பிடுங்க ஆசைப்பட்டவன், பிடுங்க வேண்டிய நேரத்தில் ஊமையாக இருந்தேன்.

வாசலில் பிறசர் கொப்பியோடு நின்ற இரத்தினம்மா உள்ளே வந்தா.

"பிள்ளை, உதிலை என்ரை மனுசனுக்கு என்ன வயசு போட்டுக்கிடக்கு? நடராசா எண்டு பேர்."

"அம்பத்தொன்பது அம்மா."

"அவர் போகேக்கை எனக்கு முப்பத்துநாலு. அவர் எனக்கு அஞ்சு வயசு மூப்பு. நீங்கள் படிச்ச பிள்ளை, கூட்டிப் பாருங்கோ."

"அண்ணி!" என்றார் குலவீரசிங்கம்.

"பொறு தம்பி. இருவது வருசம் கூட்டிப் போட்டியள். புத்தகம் தந்த அண்டைக்கே பார்த்தனான், வாய் திறக்கேல்லை. அந்த இருவது வருசத்தை நான் காணேல்லையே. எங்கை வைச்சிருக்கிறியள்? இருந்தால் தாருங்கோவன்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா. "என்ரை பொடியனுக்கு இப்ப முப்பத்தாறு. அவனுக்கும் உந்தக் கால்தான்."

சிவப்புப் பேனை இல்லாமல் நான் வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை. புரூஃப் பார்க்கிறவனுக்கு அது பூணூல் மாதிரி. அதை எடுத்தேன். டொக்டரின் மேசையிலிருந்த புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். ஐம்பத்தொன்பதை வெட்டி முப்பத்தொன்பது என்று எழுதினேன். எழுபத்துநாலை வெட்டி நாற்பத்துநாலு.

"பிழை என்ரை அச்சகத்திலை நடந்தது டொக்டர்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே மரியாதையான பொய். குலவீரசிங்கம் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் இரண்டும் செத்தல் மிளகாய் நிறத்தில் இருந்தன.

எண்பத்தொன்றை வெட்டி, பாட்டனுக்கு நாற்பத்தேழு என்று எழுதினேன்.

"நாப்பத்தாறு," என்றார் சுவரைப் பார்த்தபடி.

"என்ன மச்சான்?"

"நாப்பத்தேழு இல்லை. நாப்பத்தாறு. கார்த்திகையிலைதான் நாப்பத்தேழு முடியும், அவர் ஆவணியிலை போனவர். இஞ்சை கொண்டாரும் பேனையை. எழுதுறதெண்டால் ஒழுங்கா எழுத வேணும் ஐசே."

பேனையை என் கையிலிருந்து பறித்தார். அதன்பிறகு அந்த அறையில் பேனைச் சத்தம் மட்டும்தான். பக்கம் பக்கமாகத் திருத்தினார். ஒரு கடதாசித் துண்டும் பார்க்கவில்லை. பொய் வயதுகளைத்தான் அவர் புத்தகத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மை வயதுகள் எல்லாம், நாளோடும் நட்சத்திரத்தோடும், தலைக்குள் இருந்தன. இவ்வளவு காலமும் இதைச் சுமந்துகொண்டா இந்த மனுசன் பொன்னாடை போர்த்தித் திரிந்தார் என்று நினைத்தேன். வெளியே கிளினிக் வரிசை முணுமுணுத்தது. டொக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தன்னுடைய பெயருக்கு வந்ததும் பேனை நின்றது. அதில் பிழையில்லை, பிறந்த வருடம் மட்டும்தான். கணக்குப் பார்த்தால் நாற்பத்தொன்பது.

மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை ஆம்பிளையளுக்குள்ளை நான்தானோ ஆக மூத்தவன்?"

"ஓம் ஐயா," என்றார் டொக்டர்.

குலவீரசிங்கம் சட்டைக் கையை மடித்தார். "எந்தக் கையிலை குத்தப்போறியள்?"

டொக்டர் விளங்கப்படுத்தியதை நான் பிறகு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "நான் குருநகர் ஐயா, எங்கடை அப்பப்பாவும் கடலுக்குப் போனவர்தான்," என்று தொடங்கினார். "துறைக்குப் பத்து வள்ளம் மீனோடை வருது எண்டு வையுங்கோ. இறக்கிறதுக்கு ஆள் வேணும். எங்கடை ஈரல்தான் துறை. இரத்தத்திலை வாற கொழுப்பை இறக்கி எடுக்கிற ஆக்கள் அங்கை நிக்கினம். அந்த ஆக்களைச் செய்யிற மரபணு எல்லாருக்கும் ரெண்டு பிரதி, தாயிட்டையிருந்து ஒண்டு, தகப்பனிட்டையிருந்து ஒண்டு. உங்கடை வீட்டிலை ஒரு பிரதி பழுது. அதாலை துறையிலை பாதி ஆக்கள்தான். மிச்ச வள்ளம் இறக்காமல் கடலிலை நிண்டு நாறும். பிறந்த நாளிலையிருந்து நாறும். அது போய் இருதயக் குழாயிலை படியும், குதிக்கால் நாணிலையும் படியும்."

"அப்ப இது கப்பல் ஓட்டினதாலை..."

"இல்லை ஐயா."

"தேங்காய்ப்பாலை விட்டால்?" என்று நான் கேட்டேன்.

"குறையுங்கோ, நல்லது. ஆனால் அதாலை மட்டும் துறையிலை ஆக்கள் கூடமாட்டினம். குளிசை போட்டால்தான் மிச்சம் நிக்கிற ஆக்கள் ரெட்டை வேலை செய்வினம். உங்கடை பிள்ளைக்கு வந்திருக்கோ இல்லையோ எண்டது பூவா தலையாதான். சுண்டியாச்சு, விழுந்தும் ஆச்சு. கையைத் திறந்து பாக்கிறது மட்டும்தான் மிச்சம்."

"மரபணுச் சோதனை இஞ்சை செய்யேலுமோ?"

"வெளியிலை அனுப்ப வேணும். இப்ப அவசியமில்லை." திருத்திய பக்கத்தைத் தட்டினார். "இந்தப் புத்தகமும் ஒரு துளி இரத்தமும் காணும்."

அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் கையைத் திறந்து பார்த்தோம். கெட்ட கொழுப்பு நூற்றுமுப்பதுக்குள் இருந்தால் நல்லது என்றார்கள். குலவீரசிங்கத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. சிவகௌரிக்கு இருநூற்று அறுபத்தெட்டு. நிவேதனாவுக்கு இருநூற்று முப்பத்தாறு. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து டொக்டர் சொன்னார்: "பதினாலு வயசிலை பிடிச்சிட்டம். இதைவிட நல்ல சேதி என்னட்டை இல்லை." அப்போது அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

குலவீரசிங்கத்தின் மகன் கிருஷாந்துக்குத் தொண்ணூற்றெட்டு. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே குதிக்கால் என்னைப்போல. தகப்பனுக்கு அது வெளியே சொல்லாத ஒரு கவலை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த இருபது வயதுப் பொடியனின் காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாதாரணக் கால்! என்ன வடிவான சாதாரணக் கால்!"

"அப்பா, சனம் பார்க்குது, விடுங்கோ."

குலவீரசிங்கத்தை ஓடவிட்டு இருதயத்தைச் சோதித்தார்கள். பிறகு படம் பிடித்தார்கள். பிரதான குழாய் ஒன்று நூல் போகிற அளவுக்குத்தான் திறந்திருந்தது. இரண்டு கிழமைக்குள் கம்பிவலை வைத்துத் திறந்தார்கள். எங்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை. மூன்று பேருக்கும் குளிசையும் மாதாமாதம் அப்படித்தான். அரசாங்கத்துக்கு நன்றி சொல்கிற வசனம் ஒன்றை நான் இருபத்தைந்து வருடத்தில் கோத்தது கிடையாது. இதோ கோத்துவிட்டேன். எழுத்துப் பிழை இல்லை, இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

லண்டனில் செந்தூரனும் பார்த்தான். அவனுக்கும் இருந்தது. டொக்டர்மார் உடனே மருந்து தொடங்கினார்களாம். இரத்தினம்மா ஃபோனை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்து, வாசலில் நின்றபடி சொன்னா: "பொடியன் தப்பியிட்டான். நான் வாறன்." உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னோம். குடிக்கவில்லை. படலையைச் சாத்திவிட்டுப் போகும்போது கண்ணைத் துடைத்தா.

ஆட்களுக்கு நன்றி சொல்லும்போது நான் ஒரு ஆளை, அவளுடைய சின்னண்ணையை, விட்டுவிடப் பார்க்கிறேன் என்று சிவகௌரி சொல்லுவாள். விடவில்லை. இந்த வருத்தம் ஒருவருக்கு வந்தால் அவருடைய இரத்த உறவுகள் எல்லோரையும் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் மற்றக் குடும்பங்களுக்கு இதற்கு வருடக்கணக்காகும் என்றார் டொக்டர். எங்களுக்கு மூன்று கிழமை. எந்தப் பேரன் எந்த ஊரில், ஃபோன் நம்பர் என்ன, எல்லாம் 'குலதீபம்' நூற்றெண்பதாம் பக்கத்திலிருந்து வரிசையாகக் கிடந்தது. அறுபத்திமூன்று பேர் பார்த்தார்கள். இருபத்தெட்டுப் பேருக்கு இருந்தது. அதில் பதினொரு பேர் சின்னப் பிள்ளைகள். பெருமை ஒன்றினால் பிரயோசனம் வந்ததை நான் கண்ட முதல் தரம் இது. ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் குலவீரசிங்கத்துக்கு ஐம்பத்தொன்று. புத்தகத்துக்குத் திருத்தப்பட்டியல் அடிக்க வேண்டும் என்று போன கிழமை அச்சகத்துக்கு வந்தார். வெறும் வயதுகள் மட்டும் போதாதாம். மேலே ஒரு முன்னுரையும் வேண்டுமாம். 'எமது குலத்தார் அனைவரும் பத்து வயதிலேயே இரத்தம் பரிசோதித்தல் வேண்டும் என்பது எமது மரபு' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். மரபு தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. இன்னும் நூறு வருடத்தில் அதையும் ஒருவன் ஒல்லாந்தர் காலத்துக்குத் தள்ளிவிடுவான். தள்ளட்டும்.

பள்ளிக்கூடம் விட்டு நிவேதனாவும் வந்திருந்தாள். பஞ்சில்லாத சப்பாத்து, பின்பக்கம் மெத்தென்ற புது விதம், மாமன் வாங்கிக் கொடுத்தது. அவர் புரூஃபைக் கையில் எடுத்தார். கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார்.

"என்ன ஐசே, எறும்பு எழுத்திலை அடிச்சு வைச்சிருக்கிறீர்?"

"எழுத்து வழக்கமான அளவுதான் மச்சான். உங்களுக்கு வெள்ளெழுத்து."

"எனக்கோ?" ஒரு கணம் யோசித்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. "நிவேதனா, கேட்டியோ பிள்ளை? எங்கடை வம்சத்திலை வெள்ளெழுத்து வாற வயசுவரை வந்து சேர்ந்த முதல் ஆம்பிளை உன்ரை மாமா."

"அதையும் முன்னுரையிலை போடுவமோ மாமா?"

"போடத்தான் வேணும்! நீ வாசி, நான் கேக்கிறன்."

அவள் சத்தமாக வாசித்தாள். நடராசா, முப்பத்தொன்பது. அம்மாவின் சித்தப்பா, நாற்பத்தொன்று. அம்மப்பா, நாற்பத்துநாலு. அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையாட்டினார். தன்னுடைய பெயர் வந்ததும் கையை உயர்த்தினார்.

"எனக்கு எப்பிடிப் போட்டிருக்கு?"

"பிறந்த வருசம் போட்டு ஒரு கோடு. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை மாமா. அடுத்த வரியிலை அம்மா, அதுக்கும் கோடு. பிறகு நான்."

"கோட்டுக்கும் அடுத்த பேருக்கும் இடையிலை எவ்வளவு இடம்?"

"கொஞ்சம்தான்."

குலவீரசிங்கம் என் பக்கம் திரும்பினார். "ஐசே, அந்தக் கோடுகளுக்குப் பிறகு நல்லா இடம் விடும். மூண்டு பேருக்கும்."

கடதாசியை வீணாக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. விட்டேன்.